கையை ஒடி என்று சொன்ன மகனுக்கு

திரேஸ்புரம்,
ஆகஸ்ட் 29, வெள்ளிக்கிழமை

மகன் பெனிஸ்டனுக்கு அம்மா எழுதுவது,

நீ சுகமாகத்தான் இருப்பாய், போன வாரம் வரைக்கும் ஸ்டேட்டஸில் உன் சிரிச்ச முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், இப்போது அதையும் காணோம், என் நம்பரை நீ தடுத்துவிட்டாய் என்று உன் தங்கை மெட்டில்டா சொன்னாள். அவளுக்கு ஏழாவது மாதம் நடக்கிறது, கால் வீங்கியிருக்கிறது, மாமியார் அவளை இங்கே அனுப்ப மாட்டேன் என்கிறாள், காரணம் உனக்கே தெரியும். லீவுக்கு வந்த ஃபிராங்க்ளின் ஞாயிற்றுக்கிழமை மஸ்கட்டுக்குப் புறப்படுகிறான், அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். கருவாடு, ஊறுகாய் எதுவும் இல்லை. இந்த முறை கடிதம் மட்டும்தான். கிழித்துப் போடுவதாக இருந்தால் முழுவதும் படித்துவிட்டுக் கிழி.

கடைசியாகப் பேசியபோது, ஒரு திருட்டுப்பயலுக்காகப் பெத்த பிள்ளையை உள்ளே தள்ளிவிட்டாயே நீயெல்லாம் ஒரு அம்மாவா என்று கேட்டு போனை வைத்தாய். அதற்குப் பதில் சொல்ல நீ எனக்கு நேரம் கொடுக்கவில்லை. அன்றைக்கு நடந்ததை நீ பார்த்தது நாலு விரல் அகலத்துப் போனில், அதுவும் கடைசிப் பத்து நிமிஷம். நான் பக்கத்தில் நின்று முழுவதும் பார்த்தவள். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன், நீ எதிர்த்துப் பேச முடியாத இடத்திலிருந்து சொல்வது எனக்கும் நல்லதாகத்தான் இருக்கிறது.

நம் எஞ்சின் களவு போனது மே மாதம். அதற்கு முன்னால் வேறொரு வீட்டு எஞ்சினும் போயிருந்தது. நானும் உன் அப்பாவும் மூன்று தடவை ஸ்டேஷனுக்கு நடந்தோம். முதல் தடவை எஞ்சின் வாங்கிய பில்லைக் கொண்டுவா என்றார்கள், இரண்டாம் தடவை பெரிய ஐயா பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார் என்றார்கள், மூன்றாம் தடவை உட்காரக்கூடச் சொல்லவில்லை. புகாருக்கு ரசீது தரவே இல்லை. ஒரு மாதம் உன் அப்பா அடுத்தவர் படகில் கூலிக்குப் போனார், சொந்தப் படகு வைத்திருந்த மனிதர். அந்த வயிற்றெரிச்சல் எனக்கும் உண்டு, அதை நீ எனக்குச் சொல்லித்தர வேண்டாம். நீ அனுப்பிய பணத்தில்தான் அடுத்த எஞ்சின் வந்தது, அதை நான் மறக்கவும் இல்லை.

ஜூலை மாதம் மூன்றாம் ஞாயிறு, பூசை முடிந்து வந்துகொண்டிருக்கிறேன், கடலுக்குப் போகாத நாள் என்பதால் கரை முழுக்க ஆட்கள். ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் ஒரே சத்தம். செல்வதுரையைப் பிடித்துவிட்டார்கள் என்றார்கள். நீ அவனைப் பார்த்திருக்க மாட்டாய், நீ போன பிறகு வந்தவன், ஓட்டப்பிடாரம் பக்கத்து ஆள், உப்பளத்து வேலையை விட்டுவிட்டு ஒரு வருஷமாக நம் படகுகளுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தான். எந்தப் படகில் என்ன இருக்கிறது என்று அவனுக்கு அத்துப்படி. கையில் சாக்கு, சாக்குக்குள் ஒரு ஜிபிஎஸ், இரண்டு பேட்டரி. எஞ்சின்களையும் தானே எடுத்ததாகவும் தெற்கே கொண்டுபோய் விற்றுவிட்டதாகவும் ஒத்துக்கொண்டான். பெனிஸ்டன், அவன் திருடன்தான். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை, அவனை நல்லவனாக்க இந்தக் கடிதத்தை எழுதவில்லை.

முதல் அடி நான்தான் அடித்தேன். இது உனக்குத் தெரியாது, யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பூசைக்குக் கட்டின சேலையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ச் செகிட்டில் ஓங்கி ஒன்று வைத்தேன். எனக்கு அது அப்போது இனித்தது. அதன் பிறகுதான் மற்றவர்கள் கையை வைத்தார்கள், எஞ்சின் பறிகொடுத்தவளே அடித்துவிட்டாள் இனி என்ன என்று. நைலான் கயிற்றால் விளக்குக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். எஞ்சின் போனவர்கள் இரண்டே வீடு, அடித்தவர்களை நான் எண்ணவில்லை. பொண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு வந்தவன் அடித்தான், அந்த வாரம் வலை கிழிந்தவன் அடித்தான், சும்மா வழியில் போனவன் பைக்கை நிறுத்திவிட்டு வந்து அடித்தான். பெட்டிக்கடையில் கூல்டிரிங்ஸ் வாங்கிக் குடித்துக்கொண்டு பார்த்தார்கள், பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் காட்டினார்கள். அவன் வாயிலிருந்து ரத்தம் வந்ததும், போதும் ஸ்டேஷனுக்குச் சொல்லுவோம் என்று கத்தினேன், என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

அப்போதுதான் ஜெனோ உனக்கு வீடியோ கால் போட்டான். அண்ணன் வாங்கிக் கொடுத்த எஞ்சினுக்கு இனிப் பயமில்லை என்று காட்ட ஆசைப்பட்டிருப்பான், உன் தம்பி உன்னிடம் நல்ல பேர் வாங்க என்ன வேண்டுமானாலும் செய்வான். நீ சிரித்தாய். பிறகு நீ சொன்னது ஸ்பீக்கரில் கரை முழுக்கக் கேட்டது.

“ஏலே ஜெனோ, திருடுன கையில்லா அது. அந்த வலது கைய ஒடிச்சு விடுலே. இனி எவனும் நம்ம கரைக்கு வரப்பிடாது.”

ஜெனோ என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது, வேண்டாம் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று தேடுகிற பார்வை. நான் சொன்னேன். ஆனால் நீ அதற்குள் “என்னலே, பயப்படுதியா” என்று கேட்டுவிட்டாய். போனைப் பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்துவிட்டு நங்கூரத்துக் கம்பியை எடுத்தான். நான் கையைப் பிடித்தேன், என்னைத் தள்ளினான், சிமெண்டில் விழுந்து என் முழங்கை தோல் உரிந்தது. செல்வதுரையின் வலது கையை மட்டும் அவிழ்த்துக் கல்லில் வைத்து அமுக்கிப் பிடிக்க இரண்டு பேர். நாலு அடி. நாலாவது அடிக்குப் பிறகு ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள், கூல்டிரிங்ஸ் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுக்கவும் மறக்கவில்லை. நீ வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டாய்.

கயிற்றை அவிழ்க்க யாரும் வரவில்லை. மீன் அரிகிற கத்தியால் நான் அறுத்தேன், ஓர் ஆட்டோக்காரர் ஏற்றிக்கொண்டார், பெரியாஸ்பத்திரியில் சேர்த்தேன். எப்படி நடந்தது என்று டாக்டர் கேட்டார், பிறகு போலீஸ்காரர் வந்து கேட்டார். என்ன நடந்ததோ அதைச் சொன்னேன். செல்வதுரை எங்கள் எஞ்சினைத் திருடினான் என்று ஒரு புகார். அவன் கையை ஒடித்தார்கள் என்று ஒரு வாக்குமூலம். அதில் முதலில் அறைந்தவள் நான் என்று என் பேரைச் சொன்னேன், பிடித்துக்கொண்ட இரண்டு பேரைச் சொன்னேன், ஜெனோவைச் சொன்னேன். உன் பேரையும் சொன்னேன். இதை உனக்கு நேராகச் சொல்லத்தான் அத்தனை தடவை போன் போட்டேன். ஜெனோவைத் திங்கட்கிழமை காலையில் கூட்டிக்கொண்டு போனார்கள், இட்லியைத் தட்டில் வைத்திருந்தேன், சாப்பிடாமல் போனான்.

அந்த வாரமே ஊர்க் கமிட்டி கூடியது. ஓடும்போது கல்லில் விழுந்து கை ஒடிந்தது என்று மாற்றிச் சொல் என்றார்கள். போலீஸ் எதுவும் செய்யாது, நாமாகச் செய்தால்தான் உண்டு, அவனைப் பிடித்த பிறகு ஒரு கயிறாவது காணாமல் போயிருக்கிறதா என்று கேட்டார்கள். போகவில்லை, அது உண்மைதான். நான் எழுந்து நின்று சொன்னேன், ஒருத்தனைக் கட்டிவைத்து அடிக்க முந்நூறு பேர் வந்தீர்கள், புகாருக்கு ரசீது கேட்க நானும் என் புருஷனும் மட்டும்தானே போனோம், அந்த முந்நூறு பேரும் அன்றைக்கு ஸ்டேஷன் வாசலில் வந்து உட்கார்ந்திருந்தால் ரசீது தராமல் விடுவார்களா என்று. மறுநாளிலிருந்து மீன் ஏலத்தில் நான் கேட்கிற விலை ஏலக்காரர் காதில் விழுவதில்லை. இப்போது காயல்பட்டினத்துக்குப் பஸ் ஏறிப் போய்த் தெருத்தெருவாகக் கருவாடு விற்கிறேன். ராஹிலா என்று ஒரு அம்மா வாரம் தவறாமல் வாங்குகிறார், உட்காரச் சொல்லித் தண்ணீர் தருகிறார், நம் தெருவில் எனக்கு இப்போது அதுகூடக் கிடையாது. உன் அப்பா, பெத்த பிள்ளையைப் பிடித்துக் கொடுத்தவள் கையால் சோறு தின்ன மாட்டேன் என்று அவர் தங்கை வீட்டில் சாப்பிடுகிறார்.

செல்வதுரையைப் போய்ப் பார்த்தேன். இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள், மற்றது மடங்காது என்கிறார்கள். நான் போனதற்கு அவன் ஒன்றும் குளிர்ந்துபோகவில்லை. “மொத அடி நீங்கதான அடிச்சிய” என்றான். ஆமாம் என்றேன். எஞ்சினை யாரிடம் விற்றாய் என்று கேட்டேன், முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்கும் கோபம் வந்தது, நீ குணமாகி ஜெயிலுக்குப் போவாய், உனக்கு எதிராகவும் நான்தான் சாட்சி, அதில் ஒரு சொல்லும் குறைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அவன் செய்ததற்கு அவன் ஜெயிலில் இருக்கட்டும். எத்தனை வருஷம் என்று கோர்ட் சொல்லட்டும். ஆனால் அவன் விரலை எடுக்க நீ யார், நான் யார், கூல்டிரிங்ஸ் குடித்தவன் யார்.

ஜெனோவைப் பார்க்கப் பாளையங்கோட்டை ஜெயிலுக்கு முதல் தடவை போனபோது என்னைப் பார்க்க வர மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டான். போன புதன்கிழமை மறுபடி போனேன், உன் அப்பாவும் வந்தார், பஸ்ஸில் எனக்கு நாலு சீட் தள்ளி உட்கார்ந்துகொண்டார். ஜெனோ வந்தான். இளைத்திருக்கிறான். திட்டுவான் என்று நினைத்தேன். கம்பியையே பார்த்துக்கொண்டு சொன்னான்.

“அடிக்கும்போது அவன் என் பேர சொல்லிக் கூப்பிட்டாம்மா. ஜெனோ, கைய விட்டுரு ஜெனோன்னான். தெனமும் கூட நின்னு ஐஸ் ஏத்துனவன். எனக்கு அண்ணன் சத்தம் மட்டுந்தான் கேட்டுச்சு.”

கோர்ட்டில் தானே செய்ததாகச் சொல்லிவிடப் போவதாகவும் சொன்னான். உன் அப்பா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்துச் சீட்டில் வந்து உட்கார்ந்தார், ஆனால் சாப்பாடு இன்னும் தங்கை வீட்டில்தான்.

இப்போது உன் விஷயம். ஜெனோவின் வக்கீல் என்னிடம், நீங்கள் அறைந்ததையும் பெரிய மகன் போனில் சொன்னதையும் விட்டுவிட்டால் கேஸ் லேசாகிவிடும் என்றார். விட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நான் அறைந்ததற்கு எனக்கு என்ன தண்டனை என்றாலும் போய் நின்று வாங்கிக்கொள்வேன். கம்பியைப் பிடித்தவன் ஜெயிலில் இருக்கிறான், பிடிக்கச் சொன்னவன் ஏசி ரூமில் இருக்கிறான், இது எனக்குப் பொறுக்கவில்லை. நீ அடிக்கவில்லை என்று உன் கூட்டாளிகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாயாம். என் வயிற்றில் பிறந்தவர்களில் ஜெனோ முரடன், நீ பதவிசானவன் என்று இருபத்தெட்டு வருஷமாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன், அதற்காக வெட்கப்படுகிறேன். நீயாக வந்து சொன்னால் ஒரு மாதிரி, நாங்கள் தேடிப் பிடித்தால் வேறு மாதிரி என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். டிசம்பர் லீவு வரைக்கும் காத்திருக்காதே, இது கிடைத்ததுமே லீவு கேள். விமானத்தை விட்டு இறங்கியதும் நேரே ஸ்டேஷனுக்குப் போ, நான் வாசலில் வந்து நிற்கிறேன். அங்கே போகாமல் வீட்டுக்கு வந்தால் கதவு திறக்காது, கிறிஸ்துமஸ் என்றாலும் திறக்காது, தட்டிப் பார்க்கவும் வேண்டாம்.

அங்கே வெயில் கடுமை என்று ஃபிராங்க்ளின் சொன்னான், தண்ணீர் நிறையக் குடி, வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. இவ்வளவு கோபத்திலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை, அது என் தலைவிதி. மாதா உன்னை எல்லாத் தீங்கிலிருந்தும் காப்பாற்றட்டும் என்று எப்போதும் எழுதுவேன், இந்தத் தடவை எழுத மாட்டேன். வாயால் சொன்னதை வாயாலேயே ஒத்துக்கொள்ளும் தைரியத்தை அவள் உனக்குக் கொடுக்கட்டும், வேறு ஆசீர்வாதம் என்னிடம் இப்போது இல்லை. மறக்காமல் ஒன்று, அந்தப் போனை விற்காதே, மாற்றாதே, அதில் இருக்கிற எதையும் அழிக்காதே. அழித்தாலும் கரையில் அத்தனை பேர் காதால் கேட்டார்கள். அதில் ஒருத்திக்காவது வாய் இருக்கிறது.

உன் வரவை எதிர்பார்த்து, உன்மேல் தீராத கோபத்தோடு,
உன் அம்மா
இசபெல்லா ரோச்