சுற்றுவழியில் வந்த மகள்

என் மலருக்கு,

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. பெர்மாஸ் ஜெயா வீட்டில் துணி துவைப்பது இப்போது நான்தான். மூன்று வெள்ளைச் சட்டைகள் நீலமாகிவிட்டன. நீ இருந்திருந்தால் எவ்வளவு சிரித்திருப்பாய்!

இந்தக் கடிதத்தை ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன். நம்மைப் போலப் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பியவர்கள் படிக்கட்டும் என்றுதான். மகளின் பெயரை எழுதவில்லை. வீட்டில் கூப்பிடுவது போல பாப்பா என்றே எழுதுகிறேன். அவள் படித்த நகரத்தின் பெயரும் வேண்டாம். அங்கே அவளுக்குத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அந்த நகரத்தில் மாணவர்கள் தெருவில் இறங்கியபோது பாப்பாவும் போனாள். கல் எறியவில்லை, எதையும் கொளுத்தவில்லை. கண்ணீர்ப்புகையில் தவித்தவர்களின் கண்ணுக்குத் தண்ணீர் ஊற்றினாள். ஒருநாள் அட்டை பிடித்து நின்ற படம் அங்குள்ள செய்தித்தாளில் வந்தது. பக்கத்தில் நின்றவள் அவளுடைய அறைத்தோழி ஹுய் மின், பத்து பகாட் ஊர்ப் பெண். அந்தப் படத்தை நீ உன் போனில் வைத்திருந்தாய். நான் அழிக்கச் சொன்னேன். நீ அழிக்கவில்லை.

பிறகு அங்கே புதிய தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. படிப்பு முடிந்து பாப்பா வான்கூவரில் வேலைக்குப் போய்விட்டாள். அங்கேயும் அந்த மாணவர்களுக்காக இரண்டு கூட்டங்களில் பேசினாள். வெளிநாட்டில் பேசியதற்கும் அந்தச் சட்டப்படி பிடிக்கலாம், விமானம் மாறுவதற்குக்கூட அந்த நகரத்தில் இறங்காதே என்று அவளுக்குத் தெரிந்த வழக்கறிஞர் சொல்லியிருந்தார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எவ்வளவோ பேர் போய்வருகிற ஊர்தானே என்று நினைத்தேன்.

அந்தத் திங்கட்கிழமை உனக்கு நினைவிருக்கும். இன்னும் இரண்டு மூன்று நாள்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் பாப்பாவுக்குப் போன் செய்தேன். மறுநாளே கிளம்ப இடம் இருந்த ஒரே விமானம் அந்த நகரத்தில் மாறி வருவது. அதில் ஏறியிருந்தால் புதன் மாலை உன் கட்டிலருகில் இருந்திருப்பாள். டோக்கியோ வழியாக என்றால் வெள்ளிக்கிழமை காலைதான் வர முடியும்.

"மூணு மணி நேர ட்ரான்சிட்தான? வெளியகூடப் போக வேணாம். பேசாம உக்காந்துட்டு அடுத்த பிளைட் ஏறி வந்துரு" என்று கத்தினேன்.

நீ கையை நீட்டிப் போனை வாங்கினாய். பேசவே முடியாத உனக்கு அன்று அந்தக் குரல் எங்கிருந்து வந்தது?

"பாப்பா, பத்தொம்போது வருஷம் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவ நானு. கவுண்டர்ல இருக்கறவங்க நம்ம மூஞ்சியப் பாத்து முடிவு பண்ண மாட்டாங்க. கம்ப்யூட்டர்ல என்ன வருதோ அதான். உன் பேரு அதுல இருக்கா இல்லையா, உனக்குத் தெரியுமா?"

"தெரியலம்மா."

"தெரியலன்னா அங்க கால வைக்காத. சுத்தி வா."

"அதுக்குள்ள உங்களுக்கு ஏதாச்சும்..."

"என்னை நீ பாக்காட்டிப் பரவால்ல. உன்ன யாரும் பாக்க முடியாத எடத்துல கொண்டுபோய் வச்சிட்டாங்கன்னா, நான் எப்படிமா நிம்மதியாப் போறது?"

வியாழக்கிழமை காலை நீ போனாய்.

அடுத்து நடந்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. லாயாங் லாயாங்கிலிருந்து வந்த என் அண்ணன் என்னைத் தனியே அழைத்துக் கேட்டார். "தம்பி, புள்ள நாளைக்குக் காலையில வந்துரும். ஒரு ராத்திரி வச்சிருக்கலாம்லா?" நான் முடியாது என்றேன். அன்று மாலை நான்கு மணிக்கே மின்சுடலையில் எல்லாம் முடிந்தது. நேரமில்லாமல் அப்படிச் செய்யவில்லை, மலர். கோபத்தில் செய்தேன். பெற்றவள் சாகக் கிடக்கும்போது தன் பத்திரத்தைப் பார்த்துக்கொண்டாள் என்ற கோபம்.

மறுநாள் காலை பாப்பா பெட்டியோடு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வா என்றுகூட நான் சொல்லவில்லை.

"ஊரு உலகத்துக்கெல்லாம் போய் நின்ன. பெத்தவளுக்கு வந்து நிக்கல."

அவள் பெட்டியைத் தானே உள்ளே தூக்கி வைத்தாள். பத்து நாள் இருந்து, உன் காரியங்களை எல்லாம் முடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். அதன்பின் ஞாயிறுதோறும் போன் செய்தாள். அவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன்.

நான்கு மாதம் கழித்து ஒருவர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். ஹுய் மின்னின் அப்பா, ஆ செங். பத்து பகாட்டில் கார் பட்டறை வைத்திருக்கிறார். நேரில் பார்க்க வேண்டும் என்றார். இருவருக்கும் தோதாக ஆயர் ஈத்தாமில், நெடுஞ்சாலை ஓரத்துக் காப்பிக்கடையில் சந்தித்தோம். அவர் நகக்கண்களில் கிரீஸ் கறை. வேலையை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறார். மலாயில்தான் பேசிக்கொண்டோம்.

ஹுய் மின் யாரோ உறவினர் கல்யாணத்துக்காக வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும் வழியில் அந்த நகரத்தில் இறங்கியிருக்கிறாள். அவளுக்கும் விமானம் மாறுகிற வேலை மட்டும்தான். விமானத்திலிருந்து இறங்கி வந்த வழியிலேயே இரண்டு அதிகாரிகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழைத்துப் போயிருக்கிறார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரிய வீட்டாருக்குப் பல நாள் ஆயிற்று. இப்போது ஜாமீனில் வெளியே இருக்கிறாள். ஆனால் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டார்கள். வழக்கு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஊர் திரும்ப முடியாது.

"அவங்க காட்டின போட்டோவுல உங்க மகளும் இருக்காளாம்" என்றார் ஆ செங். "அவ எப்படித் தப்பிச்சா?"

"அவங்க அம்மா அந்த வழியா வரக்கூடாதுன்னு தடுத்துட்டாங்க."

அவர் காப்பிக் கோப்பையை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார்: "எங்க வீட்டுல யாரும் தடுக்கல. எங்களுக்குத் தெரியல. நாந்தான் டிக்கெட் எடுத்துக் கொடுத்தேன்."

அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. நான் சொன்னபடி பாப்பா ஏறி வந்திருந்தால், மேசைக்கு இந்தப் பக்கம் நானும் அதே வார்த்தையைத்தானே சொல்லிக்கொண்டிருப்பேன்?

வீட்டுக்கு வந்ததும் நானாகவே அவளைக் கூப்பிட்டேன்.

"பாப்பா, அப்பா அன்னிக்குச் சொன்னது தப்பு. இன்னொண்ணும் இருக்கு. அம்மாவ ஒரு ராத்திரி வச்சிருக்கலாம். நாந்தான் வேணும்னே வைக்கல."

"தெரியும்ப்பா. பெரியப்பா அப்பவே சொன்னாங்க."

"தெரிஞ்சுமா வாரா வாரம் போன் பண்ண?"

"அம்மா இல்ல. நீங்க தனியா என்ன சாப்பிடுறீங்கன்னு யாரு கேப்பா?"

அதன்பின் நான் அழுததை உன்னிடம் மறைத்து என்ன பயன்?

கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள். "அப்பா, நான் அன்னிக்கு அங்க போய் நின்னது தப்புன்னு நெனைக்கிறீங்களா?"

"தப்பில்லமா. ஆனா பயமா இருக்கு."

"எனக்கும்தான்ப்பா."

நம் மகள் பயப்படாதவள் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவளுக்கும் பயம் உண்டென்று உனக்கு முதலிலிருந்தே தெரியுமா, மலர்?

ஆ செங்குக்குக் கடிதம் எழுத வராது. இந்த ஐந்து மாதமாக மலாயில் மனுக்களை நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். வரும் செவ்வாய்க்கிழமை இருவரும் புத்ராஜெயாவுக்குப் போகிறோம். ஹுய் மின் விஷயத்தை வெளியுறவு அமைச்சில் நேரில் சொல்ல வேண்டும். இதுவரை எந்த அலுவலகத்திலும் நான் குரல் உயர்த்திப் பேசியதில்லை; உனக்கே தெரியும். வரிசையில் யாராவது முந்தினால்கூட, சண்டைக்குப் போவது நீதான்.

காலையில் அலுவலகம் திறக்கும் முன்பே நாங்கள் போய் நிற்போம். சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் ஆ செங் திணறினால் நான் பேசுவேன். அடுத்த முறை வா என்றால் அடுத்த முறையும் போவேன். அந்தப் பெண் பத்து பகாட்டில் தன் வீட்டுப் படியேறும்வரை போய்க்கொண்டே இருப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் வீட்டுக்காரன்,
பாப்பாவின் அப்பா