ஹேமாவின் இடது கண்

11 ஜூலை 2001, புதன்

காலையிலிருந்து மழை. லேக் மார்க்கெட் வாசலில் கணுக்கால் தண்ணீர். முருங்கைக்காய் இல்லை, பீர்க்கங்காய் வாங்கினேன்.

செய்ய வேண்டியவை: காஸ் பதிவு. ஹேமாவுக்குக் கறுப்புக் கண்ணாடி. இன்றே அவள் தலையை அலசிவிட (ஒரு வாரம் தலைக்குத் தண்ணீர் கூடாதாம்). எண்ணெய் இறங்கி மங்கின என் வைரத் தோட்டைக் கழற்றிப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போட.

நாளை அவளுக்கு இரண்டு கண்ணிலும் லேஸர். மைனஸ் ஆறு. ஒன்பது வயதிலிருந்து சோடாப்புட்டி. இருபத்தேழு வயது, கிடர்பூரில் வேலை, சொந்தச் சம்பளம். தடுக்க நான் யார்? "எழுந்ததும் கண்ணாடிக்காகத் தலகாணிக்கடில கையை விட்டுத் தடவறேன் பாரு, அந்த வேலை போறும்மா" என்கிறாள்.

டாக்டர் படம் வரைந்து காட்டினார். கருவிழியின் மேல் ஒரு ரப்பர் கிண்ணம் போல வளையம் ஒட்டிப் பிடிக்கும். கத்தி மெல்லிய படலமாகச் சீவும். ஒரு ஓரத்தை மட்டும் விட்டுவிடும். படலத்தை மடித்துவிட்டு அடியில் லேஸர். பிறகு மூடிவிடுவது. தையல் கிடையாது. "தையல் இல்லாமல் எப்படி ஒட்டும்?" என்று கேட்டேன். தானே ஒட்டிக்கொள்ளுமாம். ஜன்னல் கண்ணாடியில் ஈரக் காகிதம் ஒட்டுகிறதே, அப்படி என்று வைத்துக்கொண்டேன். படலத்துக்குப் பாலாடை. கத்திக்குத் தச்சனின் இழைப்புளி.

முப்பது வருடம் வகுப்பில் உதாரணம் சொல்லித்தான் பிள்ளைகளின் பயத்தைப் போக்கினேன். இன்று உதாரணம் சொன்னதும் பயம் கூடுகிறது. இழைப்புளி பாதியில் நின்றால்?

12 ஜூலை, வியாழன்

எழுத்து சாய்கிறது.

ஆஸ்பத்திரிக் கூடத்தில் ஒரு டிவி. உள்ளே நடப்பதை வீட்டார் பார்க்கலாமாம். திரை நிறைய ஒரு கண், தாம்பாளம் அளவு. நான் பெற்ற கண். பக்கத்தில் ஒரு வங்காளிப் பெரியவர். அவர் மருமகன் அடுத்த ஆள். கால்பந்து பார்ப்பவர் மாதிரி, "தாருண்! பிரமாதம்! இப்போ மூடி திறக்கிறது, பாருங்கள்!" என்று என் முழங்கையை இடித்தார். வலது கண் முடிந்தது. கைதட்டினார்.

இடது கண். வளையம் வைத்தார்கள். கத்தி நகர ஆரம்பித்தது. திடீரென்று கண் வளையத்துக்கு அடியில் வழுக்கியது. ஒரு நர்ஸ் ஓடி வந்து டிவியை அணைத்தாள்.

பெரியவர் வாயை மூடிக்கொண்டார். அவர் பேசியது எரிச்சலாக இருந்தது; பேசாமல் இருந்தது அதைவிடக் கொடுமை.

டாக்டர் வெளியே வந்து சொன்னது: இடது கண்ணில் பிடி விட்டுப்போயிற்று. உடனே கத்தியை நிறுத்தி, வெட்டுப்பட்ட வரை படலத்தைத் திரும்பப் படிய வைத்தாயிற்று. லேஸர் அடிக்கவில்லை. ஆறட்டும், நான்கு மாதம் கழித்துப் பார்க்கலாம்.

டாக்ஸியில் ஹேமா: "வளையம் வெச்சதும் எல்லாம் கறுப்பாயிடறதும்மா. ரெண்டாவது தடவை தெரிஞ்சும் பயந்துட்டேன். கண்ணை இறுக்கிட்டேன்."

"பேசாம வா" என்றேன்.

13 ஜூலை, வெள்ளி

பரிசோதனை. வலது கண்ணில் கடைசி வரி வரை படிக்கிறாள். இடதில் பனி மூட்டம்.

தூக்கத்தில் தேய்த்துவிட்டால் படலம் நகர்ந்துவிடுமாம். கண்ணுக்குத் துளை போட்ட பிளாஸ்டிக் மூடி, சுற்றிலும் பிளாஸ்திரி. அது போதாதென்று அவள் கையை என் முந்தானையில் முடிந்துகொண்டு படுத்தேன். "நான் என்ன ஓடிப் போற கன்னுக்குட்டியா?" என்கிறாள். சிரித்தாள். சிரித்தால் கண் சுருங்குகிறது. சிரிக்காதே என்றேன்.

2 ஆகஸ்ட், வியாழன்

புழுக்கம். பனி மூட்டம் விலகி இடது கண் பழையபடி மைனஸ் ஆறு. வலது தெளிவு. இரண்டும் சேரவில்லை. ரசத்தை டம்ளருக்கு வெளியே ஊற்றுகிறாள். டிராம் படியில் நேற்று கால் தவறியது, கண்டக்டர் பிடித்துக்கொண்டாராம்.

பழைய கண்ணாடியில் வலது பக்கத்தைக் கழற்றிவிட்டுப் போட்டுப் பார்த்தோம். தலை சுற்றுகிறது. "ஒரு கண்ணுல நீ பெரிசா இருக்கே, ஒரு கண்ணுல சின்னதா இருக்கே. பெரிய அம்மாதான் திட்டறா."

அப்புறம் குளியலறைக் குழாய் வெகுநேரம் ஓடிற்று. வெளியே வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. அழுதது கண்ணுக்குக் கெடுதலோ என்றுதான் முதலில் தோன்றியது. நல்ல அம்மா.

தோடு இன்னும் கழுவவில்லை.

30 அக்டோபர், செவ்வாய்

டாக்டர் விளக்கு வைத்துப் பார்த்தார். வெட்டு ஆறிவிட்டது. சலவை வேட்டியில் மடிப்புத் தெரிவது போல மெல்லிய கோடு மட்டும். கருவிழியின் கனத்தையும் அளந்தார், போதுமாம். மறுபடி செய்யலாம், ஆனால் இந்தத் தடவை கொஞ்சம் ஆழமாகச் சீவ வேண்டும். பழைய வெட்டும் புது வெட்டும் ஓரிடத்தில் சந்தித்தால் நடுவில் ஒரு சிராய் கழன்று வரும்.

சிராய். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான்.

வந்ததும் கேட்டேவிட்டேன்: "ஒரு கண்ணு நன்னா தெரியறதே. அது போறாதா?"

"நீ ஒரு தோடு மட்டும் போட்டுண்டு கல்யாணத்துக்குப் போவியா?"



15 நவம்பர், வியாழன்

நேற்று தீபாவளி. வெடிப் புகை இன்னும் தெருவில். ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கிறேன். ஹேமாவுக்கு எண்ணெய், சீயக்காய் எதுவும் கிடையாது. புதுப் புடவை மட்டும்.

அடுத்த வியாழன் இடது கண்ணுக்கு மறுபடி லேஸர். அதற்குப் பயிற்சி தினமும். அவள் மல்லாந்து படுத்து, லேஸர் மெஷினின் விளக்கு என்று வைத்துக்கொண்டு ஃபிரிஜ் ஸ்டெபிலைசரின் சிவப்பு விளக்கையே பார்க்க வேண்டும். நெற்றி சுருங்கக் கூடாது. நான் என் உள்ளங்கையால் ஒரு கண்ணை மறைத்துக் கறுப்பாக்குவேன், இறுக்கக் கூடாது. மனசு நிற்பதற்குப் பதினாறாம் வாய்ப்பாடு.

"பதினாறேழு நூத்திப் பதினாலு."

"பன்னெண்டு! அஞ்சாம் கிளாஸ்லேர்ந்து அதே தப்பு."

"வாய்ப்பாடு தப்பானா கண்ணு போயிடுமா?"

போயிடும் என்று சொல்லாமல் நிறுத்திக்கொண்டேன்.

22 நவம்பர், வியாழன்

வெயில், நல்ல காற்று. அதே கூடம், அதே டிவி, அதே நர்ஸ். "என்ன ஆனாலும் அணைக்காதே அம்மா" என்று அவள் கையைப் பிடித்துக் கேட்டேன். சம்மதித்தாள். "கிச்சு ஹொபே நா, மாஷிமா." ஒன்றும் ஆகாது மாமி என்கிறாள். போன தடவையும் இதையே சொன்னாள்.

திரையில் கண். வளையம் இறங்கியது. கண் அசையவில்லை. கத்தி போனது, திரும்பி வந்தது. படலம் முழுசாக மடிந்தது. சிராய் இல்லை. மூச்சு விட்டேன்.

டிவி இருண்டது.

நர்ஸைப் பார்த்தேன், அவள் என் பக்கத்திலேயேதான் நின்றாள். மேலே மின்விசிறி மெல்ல மெல்ல நின்றுகொண்டிருந்தது. லோட்ஷெடிங்! அணைக்கவில்லை, கரண்ட்தான் போயிற்று. வாழ்நாளில் முதல் தடவையாக லோட்ஷெடிங்கைக் கண்டு நிம்மதி. அந்த நிம்மதி முடிவதற்குள் அடுத்த நினைப்பு: உள்ளே படலம் திறந்து கிடக்கிறதே. லேஸர்?

"உள்ளே தனி பேட்டரி, மாஷிமா. கூடத்துக்குத்தான் இல்லை."

நம்பினேனா? இல்லை. பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொல்ல ஆரம்பித்தேன். வாய்விட்டு. அரை இருட்டில் எல்லாரும் மந்திரம் என்று நினைத்திருப்பார்கள். ஒரு அம்மாள் கையைக் கூப்பிக்கொண்டாள். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. மின்விசிறி சுற்றவில்லை. கதவுதான் திறந்தது.

ஹேமா, இடது கண்ணில் மூடி. நர்ஸின் தோளைப் பிடித்தபடி.

"வெளக்கையே பார்த்துண்டிருந்தேம்மா. மனசுக்குள்ள சொன்னேன். ஏழுல மாட்டிண்டேன். அதுக்குள்ள முடிஞ்சுடுத்து."

டாக்டர்: சரியாக ஆயிற்று. படலம் படிந்துவிட்டது. பார்வை எவ்வளவு என்று நாளைதான் சொல்ல முடியும்.

நாளைதான்.

23 நவம்பர், வெள்ளி

பால் லேட். பரிசோதனை ஒன்பதரைக்கு. மூடியை டாக்டர்தான் எடுக்க வேண்டும்.

காபியோடு போய் நின்றேன். விழித்தாள். பழக்கத்தில் கை தலையணைக்கடியில் போயிற்று, பாதியில் நின்றது. உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, பிளாஸ்டிக் மூடியின் துளை வழியாக இடது கண்ணால் என்னையே பார்த்தாள். டம்ளர் சுட்டது, கீழே வைக்கத் தோன்றவில்லை.

"அம்மா, ஒன் தோட்டுல எண்ணெய் எறங்கியிருக்கு. கழுவவே இல்லியா நீ?"