தம்பியின் நாய்க்கடி

குயின்ஸ்லாந்து, ஆஸ்திரேலியா

அன்புள்ள அம்மா,

ஆண்டவர் கிருபையால் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

வேலை செய்யும் பழத்தோட்டத்தில் தம்பி மோசெசேவுக்குச் சின்ன நாய்க்கடி, பயப்படாதீர்கள். ஆஸ்பத்திரியில் காயத்தின் காரணத்துக்குக் குறியீட்டு எண் போடும் என் மேசைக்கே அவன் கோப்பும் வந்தது. தோட்டத்து மேஸ்திரிதான் நாயை ஏவிவிட்டான் என்று தம்பி அழுதான். ஏவிவிட்டால் அது தாக்குதல், அதற்கு வேறு எண். டாக்டரோ நாய்க்கடி என்று மட்டும் எழுதியிருந்தார்.

"டாக்டர் எழுதாததை நீ எழுதுவியா? உன் விசா பேப்பர்ல கையெழுத்துப் போடறது நான்தான்டி" என்று மேலதிகாரி ஷெரில் சிரித்தாள். விபத்து என்றே பதிந்துவிட்டேன்.

நம் டோங்கா தீவுத் தேங்காய் எண்ணெய் ஒரு புட்டி அனுப்புங்கள். இங்கே தலை வாரிவிட யாருமில்லை.

பஸ் வந்துவிட்டது. மோசெசே ஊருக்குப் போன் செய்து நடந்ததைச் சொல்வான். சின்ன வயதிலிருந்தே அவன் பொய்யன் என்று ஊரில் நீங்களே சொல்லிவிடுங்கள்.

உங்கள் மகள்,
லாவினியா