எஸ்தர் சொன்ன கிரேக்கக் கதைகள்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்தே காற்று. துவைத்த துணி இரண்டு முறை கொடியிலிருந்து விழுந்தது. மித்ராவுக்குக் காலில் மாவுக்கட்டுப் போட்டு இன்றோடு பன்னிரண்டு நாள். இன்னும் ஒரு மாதம் பள்ளிக்கூடம் கிடையாது. படுத்தே கிடந்து அழுகிறாள் என்று, கீபோர்டு சொல்லித்தர எஸ்தரை வரச் சொன்னேன். பக்கத்துத் தெருப் பெண். அவள் அப்பா எங்கள் தோட்டத்தில் பண்ணையத்தில் கூலிக்கு இருந்தவர். இவள் எம்.ஏ. முடித்துவிட்டாள்.

கீபோர்டு மட்டும் என்றுதான் பேச்சு. இன்று கதையும் சொன்னாளாம். கிரேக்க நாட்டுச் சாமிகள். இடிக்கு ஒருவர், கடலுக்கு ஒருவர். ஒவ்வொருவருக்கும் ஒரு மெட்டு.

எதற்கு?

ஜூலை 9, புதன்

மித்ரா சாப்பிடும்போதும் முணுமுணுக்கிறாள். கேட்டால் "கடல்சாமி மெட்டும்மா" என்கிறாள். சர்ச் பக்கம் போகும்போது கேட்குமே, அது மாதிரி. கீபோர்டில் எந்த வாத்தியத்தின் பட்டன் அழுத்தியிருக்கிறது என்று பார்த்தேன். ஆர்கன்.

பல்லடத்திலிருந்து இவருடைய அக்கா போன். வேறு என்னவோ பேசப்போய் இதைச் சொல்லிவிட்டேன்.

"ஏங் கண்ணு, கதைன்னு ஆரம்பிச்சு எங்க கொண்டுபோய் நிறுத்துவாங்கன்னு யாருக்குத் தெரியும்? சூதானமா இருந்துக்க."

தறிக் கொட்டகைக்குப் போய் இவரிடம் சொன்னேன். "புள்ள சிரிக்குதல்ல, உடு" என்றார். இவருக்கு எல்லாமே உடுதான்.

வாங்க: ரவை, கால்சியம் மாத்திரை, கரண்டு பில் கட்ட.

ஜூலை 10, வியாழன்

நான் அறைக்குள் போனதும் பேச்சு நின்றது. இரண்டு பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருந்தார்கள். எஸ்தர் மடியில் ஒரு நோட்டு. சட்டென்று மூடினாள். அவள் போனபிறகு தேடினேன். கையோடு கொண்டு போய்விட்டாள்.

மித்ராவைக் கேட்டால், "அது ரகசியம்மா."

பத்து வயதில் அம்மாவிடம் என்ன ரகசியம்.

ஜூலை 11, வெள்ளி

போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு, அலமாரியில் சேலைகளுக்கு நடுவே வைத்தேன். கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கோயிலுக்கும் போனேன். கும்பிட மனசு ஓடவில்லை.

எஸ்தர் போனபிறகு சமையலறையில் வைத்துக் கேட்டேன். இன்றைய கதை அதீனா. நெசவுக்கான சாமியாம். தன்னைவிட நன்றாக நெய்துவிட்ட சாதாரணப் பெண்ணைச் சிலந்தியாக்கிவிட்டதாம். அந்தப் பெண்ணுக்கு இவர்கள் பாட்டு எழுதுகிறார்கள். அதுதான் நோட்டு. எங்கள் தறிச் சத்தம்தான் தாளம். அப்பா பிறந்தநாளுக்கு மித்ரா வாசிக்கப் போகிறாளாம்.

மித்ரா: "இவங்கெல்லாம் உங்க சர்ச்சுல இருக்காங்களா மிஸ்?"

"இல்ல கண்ணு. எங்க சர்ச்சுல இருக்கறவங்க, ஏன் இந்தச் சாமி கதையெல்லாம் சொல்லித்தர்றேன்னு என்னையத் திட்டறாங்க."

சிரித்துவிட்டேன். நிறுத்தப் போனேன். அப்போது மறுபடி மித்ரா.

"மிஸ், உங்களுக்கு மட்டும் ஏன் பேப்பர் கப்புல டீ? நாங்கெல்லாம் டம்ளர்லதான குடிக்கிறோம்."

தறி மட்டும் ஓடுகிறது.

"கழுவற வேலை மிச்சமல்ல கண்ணு. சரி, அடுத்த வரி சொல்லு."

மூன்று முறை கேட்டேன். பிறகு அழித்துவிட்டேன்.

ஜூலை 12, சனி

தூறல். நாலு மணிக்கு வந்தாள். எவர்சில்வர் டம்ளரில் டீ கொண்டு போனேன். டம்ளரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். குடித்தாள்.

கிளம்பும்போது வாசலில் சொல்லிவிட்டேன். "நேத்து நீ பேசினதை போன்ல பதிவு பண்ணிக் கேட்டேன் எஸ்தர். தப்புத்தான். மனசுல வெச்சுக்காத."

செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "டம்ளரைப் பார்த்ததுமே நெனச்சேனுங்கக்கா."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"திங்கக்கிழமை வருவதான?"

"பாப்பா பாட்டு பாதில நிக்குதுங்க. அதை முடிச்சுக் குடுத்துப்போட்டு நின்னுக்கறேனுங்க."

குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள். உள்ளேயிருந்து மித்ரா, "அம்மா, மிஸ் என்ன சொன்னாங்க?"

"திங்கக்கிழமை வருவாங்க" என்றேன். அது பொய் இல்லை.