தினம் ஒரு குறை

மார்ச் 4, செவ்வாய்

காலை ஆறு மணிக்கு டிரைவர் போன் செய்தான். இன்றைய குறை முழங்கால். நேற்றும் முழங்கால்தான். உனக்கு வேறு உறுப்பே கிடையாதா என்று கேட்டேன். என் முறைக்குப் பக்கத்து வீட்டு நாயைச் சொன்னேன்.

இந்த விதி நர்ஸ் போட்டது. பட்டாளத்தில் காயங்களுக்குக் கட்டுப்போட்டவர். இப்போது டயர் கடைக்கு மேலே ஓர் அறையில் சனிக்கிழமைதோறும் பட்டாளத்திலிருந்து திரும்பிய எங்களைப் போன்றவர்களை உட்காரவைத்துப் பேசவைக்கிறார். பட்டாளத்துக்காரனிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், குடல் வெளியே கிடந்தாலும் "எல்லாம் சரி" என்றுதான் ரிப்போர்ட் சொல்வான். அதனால் இரண்டிரண்டு பேராகப் பிரித்து, தினமும் ஆளுக்கு ஒரு குறை சொல்லியே ஆகவேண்டும் என்றார்.

எனக்கு ஜோடி டிரைவர். பட்டாளத்திலும் அவன் ஓட்டிய லாரியில் வயர்லெஸ் பேசியவன் நான்தான். எங்களுக்குப் பின்னால் வந்த வண்டி வந்து சேரவில்லை. அதற்கு மேல் எழுதமாட்டேன்.

மார்ச் 8, சனி

கூட்டம். டிரைவர் வாயே திறக்கவில்லை. ஆனால் ஆடிக்கொண்டிருந்த பெஞ்சைச் சரிசெய்தான். நான் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்துகொண்டு லிஃப்டில் ஏறப் பயந்து படியில் போவதைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும்.

மார்ச் 11, செவ்வாய்

அவன் குறை: தூக்கம். ஒரே வார்த்தை.

மார்ச் 13, வியாழன்

வீடு தேடி வந்து தன் ஸ்பேனர் பெட்டியைக் கொடுத்தான். யாரையும் தொட விடாத பெட்டி! "உன் வேலைக்கு ஆகும், வெச்சுக்க" என்றான். வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 15, சனி

டிரைவர் முகம் தெளிந்திருக்கிறது. சவரம், இஸ்திரி போட்ட சட்டை. ஆள் தேறிவிட்டான் என்று நர்ஸிடம் சொன்னேன், என்னவோ நானே வைத்தியம் பார்த்த மாதிரி. அவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனிதருக்கு எதிலும் சந்தேகம்.

மார்ச் 17, திங்கள்

"இன்னிக்குக் குறை ஒண்ணுமில்லடா" என்றான். நல்ல செய்தி.

மார்ச் 18, செவ்வாய்

இன்றும் இல்லையாம். விதி விதிதான் என்று மல்லுக்கட்டினேன். "நெஜமாவே இல்லடா. எல்லாம் சரி."

அப்படி ஒரு அமைதியான குரல். போனை வைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். நர்ஸிடம் சொல்லலாமா? குறை இல்லை என்பதை ஒரு குறையாகச் சொன்னால் சிரிக்கமாட்டாரா? வேலைக்கு நேரமாகிவிட்டது.

மார்ச் 19, புதன்

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

மதியம் டிரைவரின் மனைவி போன் செய்தாள். "அண்ணா, அவர் அங்க வந்தாரா?" நேற்று ஒழுகும் குழாயை மாற்றினாராம். அவள் செருப்பைத் தைத்துக் கொடுத்தாராம். இன்று தான் ஓட்டும் பேக்கரி வேனைக் கழுவி சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டாராம். போன் மேசையில் இருக்கிறது, ஆளைக் காணோம்.

அப்போதுதான் உறைத்தது. பட்டாளத்தை விட்டுப் போகிறவன் சாமான்களை ஒவ்வொன்றாகத் துடைத்து ஒப்படைப்பான். கடைசியில் எல்லாம் சரி என்று ரிப்போர்ட் சொல்லிவிட்டுத்தான் கேட்டைத் தாண்டுவான். இவன் ரிப்போர்ட் சொன்னது என்னிடம். மடையன் நான், நல்ல செய்தி என்று எழுதிவைத்திருக்கிறேன் பார்!

நான் சொன்னதும் நர்ஸ் தெருக்களைப் பிரித்துக் கொடுத்து எல்லோரையும் தேட அனுப்பினார். என் பங்குக்கு வந்தது பழைய வண்டிகளை உடைக்கும் இடம். ஒரு லாரியின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தான். நான் மறுபக்கம் ஏறினேன். என் பழைய இடம். ஒரு குறை சொல்லுடா என்றேன். திரும்பவே இல்லை. பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். அதில் கண்ணாடியே இல்லை, வெறும் சட்டம்.

என்ன செய்வதென்று தெரியாமல் என் குறையைச் சொன்னேன். "எனக்குப் பயமா இருக்குடா. நீ இல்லன்னா காலைல நான் யார்கிட்ட பேசுவேன்?"

அந்தச் சட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "பின்னாடி வண்டி வருதான்னு பாத்துட்டிருக்கேன்" என்றான்.

நர்ஸுக்குப் போன் போட்டுவிட்டு, அவர் வரும்வரை அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம்.

மார்ச் 20, வியாழன்

ஆறு மணி. போன் அடிக்கவில்லை.

மார்ச் 29, சனி

வார்டுக்குப் போனேன். நான்கு மாடி, படியேறித்தான். டிரைவர் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுகிறான். அவன் மனைவி, "சாப்பாடு எப்படின்னு கேட்டாலும் நல்லாருக்குன்னு சொல்றார்ணா" என்று அழுதாள். அந்தச் சாப்பாட்டை நானும் தின்று பார்த்தேன். நல்லாயில்லை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 9, புதன்

ஆறு மணிக்குத் தெரியாத நம்பர். வார்டு போனிலிருந்து அவன்தான்.

"டீ தண்ணியா இருக்கு. பக்கத்து பெட்காரன் குறட்டை தாங்கல. என் ஸ்பேனரையெல்லாம் துருப்பிடிக்க விட்டுட்டியா?"

விதிப்படி ஒன்றுதான் என்றேன்.

"அப்ப ஸ்பேனர்" என்றான். பிறகு, "உன்னுது?"

ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவனும் அன்று இப்படித்தான் சொன்னான்.

"நானும் அந்தப் பின்னாடி வண்டியத்தான் பாத்துட்டிருக்கேன்டா" என்றேன்.

அவன் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது.