மரத்துப்போன கால்

நேற்று நம் குர்லா பட்டறையில் துருப்பிடித்த ஆணி ஒன்று என் செருப்பைத் துளைத்துக் காலில் ஏறிவிட்டது. வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லி அலறினேன். அலறி முடித்ததும் உன் நினைவுதான் வந்தது, மக்கா.

காலில் ஏறிய ஆணியோடு நீ பட்டறையிலிருந்து தாராவி வரை நடந்தே வந்தவன். செருப்பெல்லாம் ரத்தம். நான் சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்தாய், பார்த்துவிட்டுச் சிரித்தாய். உனக்குப் பத்து வருஷச் சர்க்கரை, கால் மரத்துப்போயிருந்தது. ஆனால் நம் சர்ச்சுக்கு வருவதை விட்டுவிட்டு நீ போய்ச் சேர்ந்த மாடியறை ஜெபக்கூட்டத்தில் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். உடம்பு என்பது கெட்ட தேவன் ஒருவன் செய்த கூடாம், உள்ளே அடைபட்டிருப்பது ஒளியாம். இந்த ரகசியம் அறிந்த பதினோரு பேருக்கு மட்டும் கூடு கழன்றுகொண்டு வருகிறதாம். கூட்டுக்கு மருந்து போடுவது பாவம் என்று இன்சுலின் ஊசியையும் நிறுத்திவிட்டாய்.

"சிலுவையில ஆண்டவருக்கே ஆணி வலிக்கல மக்கா. பாத்தவனுக்குத்தான் வலிச்சாப்புல தெரிஞ்சிருக்கு," என்றாய்.

அறைந்தேன். உதடு கிழிந்தது. வலிக்கிறதா என்று கேட்டு மறுபடியும் அறைந்தேன். இல்லையென்று சொல்லி மறு கன்னத்தைக் காட்டினாய். அந்தத் திமிருக்கு இன்னும் இரண்டு வைத்தேன். அதோடு விட்டேனா? மாடியேறிப் போய் உங்கள் பாஸ்டரின் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினேன். நெற்றி உடைந்ததும் மனுஷன் ஊரைக் கூட்டிவிட்டார். அவருடைய கூடு நன்றாகவே வலித்தது. டாக்சி பிடித்துப் போய்த் தையலும் போட்டுக்கொண்டார். அதைச் சொன்னேன், நீ நம்பவில்லை. எக்கேடோ கெட்டுப் போ என்று இரண்டு மாதம் உன் பக்கமே வரவில்லை.

கால் அழுகி நாறிய பிறகுதான் உன் மனைவி எனக்கு ஆள் அனுப்பினாள். ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு மேலே வெட்டினார்கள்.

மூன்றாம் நாள் நீ வீறிட்டதில் வார்டே எழுந்து உட்கார்ந்தது.

"இல்லாத காலு வலிக்கி மக்கா. கூடுதான் போயிட்டே, அப்போ வலிக்கது யாருக்குல?"

உன் பாதம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் வெறும் விரிப்பை இரண்டு கையாலும் அமுக்கிவிட்டேன். நீ கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் கீழ," என்றாய்.

அடுத்த நான்கு நாளில் போய்விட்டாய். கால் இருந்தபோது அதைப் பிடித்துக் கெஞ்ச எனக்குத் தோன்றவில்லை, மக்கா. அடிக்கத்தான் தோன்றியது.