மல்பெரி மரத்தில் துடைப்பம்

மாசி, ஞாயிறு

பனி விட்டுவிட்டது. காலையிலேயே மலைப்பாறை சுடுகிறது. துணி ஊறவைத்தாயிற்று. மாவு அரைக்கணும்.

அனந்தபுரத்திலிருந்து நாத்தனார் வந்தார். நேரே தோட்டத்துக்குப் போனார். என் மல்பெரி நட்டு மூன்று வருடம். இலை மண்டிக் கிடக்கிறது, பழம் ஒன்றுகூட இல்லை. நான் டீ போட்டு எடுத்துப் போவதற்குள் தேய்ந்த துடைப்பத்தை மரத்தில் கட்டிவிட்டார். காய்க்காத மரத்துக்கு ரோஷம் வரணுமாம். முருங்கைக்குக் கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் கட்டியதோடு விட்டாரா? பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி ஒரு பேச்சு.

"ஏழு வருஷமா இந்த வூட்ல எதுவும் காய்க்கல. மரத்துக்காவது சொரணை வருதா பாப்போம்."

எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருடம். இவர் பக்கத்தில்தான் நின்றார். டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தார்.

திங்கள்

துடைப்பத்தை அவிழ்க்கப் போனேன். வேண்டாம், அக்கா மனசு கஷ்டப்படும் என்கிறார் இவர். என் மனசு எந்தக் கணக்கில் வருகிறது?

விழுப்புரத்தில் எனக்கு எல்லா டெஸ்டும் எடுத்தாயிற்று. ஊசி, ஸ்கேன், மாத்திரை, வெறும் வயிற்றில் பஸ். உங்களிடம் குறை இல்லை, வீட்டுக்காரரைக் கூட்டிவாருங்கள் என்றார் டாக்டர். அன்றிலிருந்து கூப்பிடுகிறேன். லீவு இல்லை என்பார். ஆடி போகட்டும். ஆம்பளைக்கு எதற்கு டெஸ்ட். நாத்தனாருக்கும் இது தெரியும். தெரிந்துதான் பேசுகிறார்.

கேஸ் புக் பண்ணணும்.

வியாழன்

வெட்டிவிட்டேன். மரமே வேண்டாம் என்றுதான் அரிவாளை எடுத்தேன். கிளையெல்லாம் போயிற்று, மிச்ச இலையையும் உருவி எதிர்வீட்டு ஆட்டுக்குப் போட்டேன். அடிமரத்துக்கு வரும்போது கை ஓயவும் உட்கார்ந்து அழுதேன். மூன்று வருடம் பாத்திரம் கழுவிய தண்ணீரெல்லாம் இதற்குத்தான். ஒரு இலை கிள்ள விட்டதில்லை யாரையும்.

துடைப்பம் மட்டும் மொட்டை மரத்தில் தொங்குகிறது.

பங்குனி, செவ்வாய்

கரண்ட் இல்லை. புழுக்கம்.

வெட்டின இடமெல்லாம் துளிர். துளிருக்குத் துளிர் பச்சையாய், கம்பளிப்பூச்சி மாதிரி பிஞ்சு! நடுவதற்குக் குச்சி கொடுத்த ஸ்கூல் மிஸ்ஸுக்கு போட்டோ அனுப்பினேன். வெட்டினால்தான் புதுக்கிளையில் நன்றாகக் காய்க்குமாம், சொல்ல மறந்துவிட்டாராம். நான் பொத்திப் பொத்தி வளர்த்ததுதான் தப்பு.

நாத்தனாரிடம் இவர் போனில்: "நீ கட்டுன தொடப்பந்தாங்க்கா." நான் வெட்டியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சித்திரை, சனி

குரங்குக்குப் பயந்து பழைய புடவையை மரத்தில் சுற்றியிருக்கிறேன். கருத்த பழம் நான்கு தின்றேன். தேன். விரலெல்லாம் கறை.

ஞாயிறு

நாத்தனார் கிண்ணத்தோடு வந்தார். வாயெல்லாம் சாயம். பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார், ரோஷம் வந்து காய்த்ததாம். மரத்துக்கு இருக்கிறது, சிலருக்குத்தான் இல்லை என்றும் ஒரு சிரிப்பு. இவரும் சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான்.

துடைப்பத்தை அவிழ்த்தேன். வாசலுக்குப் போய் இவர் பைக் ஹேண்டில்பாரில் கட்டினேன். இரண்டு முடிச்சு. தெருவே பார்த்தது.

"இன்னாடி இது," என்றார்.

"ரோஷம் வருமாமே. வெள்ளிக்கிழம டாக்டரு இருப்பாரு. டெஸ்டுக்குக் கெளம்பும்போது நானே அவுக்கறேன்."

நாத்தனார் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். தெரு பார்க்கத் துடைப்பத்தை அவிழ்க்க இவருக்கு மனசு வரவில்லை; பஸ் ஸ்டாண்டுக்கு அக்காவும் தம்பியும் நடந்தே போனார்கள்.

வியாழன்

இன்னும் நடந்துதான் வேலைக்குப் போகிறார். நான் அவிழ்க்கவில்லை. சாயங்காலம் சாப்பிட்டுக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி: "நாளைக்கு எத்தன மணி பஸ்ஸு?"